ஹில்க்கா டீச்சரிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்கள்

ஹெல்சிங்கிக்குக் கிழக்கே, சோவியத் எல்லையை ஒட்டிய லப்பென்ரந்தா நகரத்து வணிகக் கல்விக்கூடத்தின் இரண்டாம் மாடியில், ஏரியைப் பார்த்த கடைசி அறையில், ஹில்க்கா வென்ஸ்கா இருபத்தொரு வருஷமாகக் கிழக்கு வணிகப் பயிற்சி நடத்திவந்தாள். சோவியத் நாட்டோடு வியாபாரம் பேசப் போகிறவர்கள் அங்கே படித்துவிட்டுத்தான் போவார்கள். எங்கள் பக்கத்திலிருந்து காகிதமும் கப்பலும் குளிர்காலக் காலணியும் எல்லை தாண்டும். அந்தப் பக்கத்திலிருந்து எண்ணெய் வரும். நடுவில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்கு ரஷ்ய மொழி, ஒப்பந்தம் எழுதும் விதம், விருந்தில் எத்தனாவது கோப்பையோடு நிறுத்துவது என்பது வரை சொல்லிக்கொடுத்து ரயில் ஏற்றிவிடுவது ஹில்க்காவின் வேலை.

வேலையில் அவள் புலி. வகுப்பின் நடுவே ஒரு நீள மேசை கிடக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாளானால் அவள் ஹில்க்கா இல்லை. மாஸ்கோவின் அரசுக் கொள்முதல் நிறுவனத்துத் தோழர் அந்தோனினா பாவ்லோவ்னா. தோள் அகலமாகிவிடும், கண் பாதி மூடிவிடும். கம்பெனிகள் அனுப்பிவைத்த நாற்பது வயது ஆண்கள்கூட அந்த நாற்காலிக்கு எதிரே உட்காரும்போது கைக்குட்டையைத் தேடுவார்கள்.

"எங்க பூட்ஸைப் பத்தி என்னத்தச் சொல்ல. தண்ணி உள்ள போகாது. அவ்வளவுதான். ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்பார் மாணவர்.

"ரொம்ப எதிர்பார்க்கக் கூடாத சாமானைத் தூக்கிட்டு ஆயிரம் கிலோமீட்டர் எதுக்கய்யா வந்தீங்க? வர்ற வழியில ஏரி இல்லையா, போட்டுட்டுப் போக?" என்பாள் அந்தோனினா பாவ்லோவ்னா.

வகுப்பு சிரிக்கும். மாணவர் காது சிவந்து விலையைச் சொல்வார். அவள் பதிலே சொல்ல மாட்டாள். ஜன்னலைப் பார்ப்பாள், நகத்தைப் பார்ப்பாள். நிமிஷம் ஒன்று போகும், இரண்டு போகும். மூன்றாவது நிமிஷம் மாணவர் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்வார். உடனே அந்தோனினா மறைந்து ஹில்க்கா எழுந்துவிடுவாள்.

"யாரு குறைக்கச் சொன்னா? நான் வாயைத் திறந்தேனா? சொன்னா சொன்னதுதான். அப்புறம் வாயை மூடிட்டு உக்காரணும். முதல்ல பேசினவன் தோத்தான்."

அவளுடைய இன்னொரு பாடத்துக்குத்தான் வகுப்பில் அதிகச் சிரமம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ரத்தத்தில் இல்லாத பாடம். யாராவது ஏதாவது கொடுத்தால், கேட்டால், கூப்பிட்டால், முதல் தடவையே "சரி" என்று சொல்வது.

எங்கள் பக்கத்துப் பிகு அப்படி. காபிக்கு அழைத்து, மேசையில் ஏலக்காய் ரொட்டியும், முட்டை வெண்ணெய் தடவிய ரை தானிய அப்பமும், ஏழு வகை பிஸ்கட்டும் பரப்பி, வீட்டுக்காரி "வாங்க, எடுத்துக்கங்க" என்பாள். ஒருத்தர் அசைய வேண்டுமே! சுவரைப் பார்ப்பார்கள், வானிலை பேசுவார்கள், "நீங்க போங்க", "ஐயோ, நீங்க மூத்தவங்க, நீங்க போங்க" என்று ஒருவரையொருவர் தள்ளுவார்கள். பந்திக்கு முந்து என்பதெல்லாம் இங்கே செல்லாது. முதல் அழைப்புக்கு எழுந்தவன் பறக்காவெட்டி. இரண்டாவதுக்கு எழுந்தவன் அவசரக்காரன். மூன்றாவது தடவை அவள் "காபி ஆறுது" என்று குரலை உயர்த்தினால்தான் நாற்காலிகள் நகரும். முதல் "வேண்டாம்" மரியாதைக்கு, இரண்டாவது "வேண்டாம்" காரணத்துக்கு. மூன்றாவது "வேண்டாம்" சொல்லும்போதே கை கோப்பையை நோக்கிப் போயிருக்கும்.

"இந்தப் பழக்கத்தை எல்லையில, வைனிக்கலா ஸ்டேஷன்லயே இறக்கிவச்சிட்டுப் போங்க. அங்க ஒருத்தன், உங்களுக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இருக்கான்னு கேப்பான். நீங்க, அடடா, நான் சாதாரண ஆளுன்னு ஆரம்பிப்பீங்க. அவன் ஃபைலை மூடிட்டு, அதிகாரம் இருக்கற சுவீடன்காரனைக் கூப்பிடுவான்" என்பாள் ஹில்க்கா.

இதைச் சொல்லிச் சொல்லி நூற்று அறுபது பேருக்கு மேல் அனுப்பியிருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்கு எங்கள் ஊரில் இவளை விட்டால் ஆள் கிடையாது. கல்விக்கூட ஆசிரியர் அறையில் கேக் வெட்டினால் கடைசித் துண்டும் காய்ந்த பிறகு போய் எடுப்பவள் ஹில்க்கா.

அனுப்பியவள் போனதில்லை. அதாவது, ஐந்து நாள் போயிருக்கிறாள். ஒரு தூதுக்குழுவின் பின்வரிசையில், எழுதுபலகையோடு. ஓட்டல், பேச்சுவார்த்தை அறை, ஓட்டல், ஸ்டேஷன். ஆனாலும் மாஸ்கோவில் எந்த டிராம் எங்கே திரும்பும், எந்தக் கடையில் எந்தக் கிழமை வெண்ணெய் வரும், எந்த அலுவலகத்தில் எந்த வாசல்காரி கோபக்காரி என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எல்லாம் போய்வந்தவர்கள் சொன்னது. அதையே அடுத்த வகுப்புக்குத் தான் பார்த்தது போலச் சொல்வாள். இராத்திரி படுக்கையில் அதை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். நீச்சல் தெரியாதவள் கரையில் நின்று கையை இப்படி வீசு, காலை அப்படி அடி என்று கத்திக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும். ஐம்பது வயதாகிவிட்டது. அந்த நகரத்தில் ஒரு குளிர்காலமாவது இருக்க வேண்டும், ஒரு வாடகை அறைச் சாவியாவது பையில் கிடக்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் வயதாகாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம், மே மாதக் கடைசி. பயிற்சி முடிந்து விடைபெறும் காபி. பழைய மாணவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களில் அஸ்கோ ரெயோனென், ஹில்க்காவின் கையில் படித்தவர்களிலேயே கெட்டிக்காரன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்தபோது ரஷ்ய மொழியில் "வணக்கம்" சொல்ல வியர்த்தவன். இப்போது ஒரு காலணிக் கம்பெனியின் ஏற்றுமதி மேலாளன். மாஸ்கோவில் அவர்களுக்கு அலுவலகம் இருந்தது.

மேசையைச் சுற்றி எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம். அஸ்கோ பக்கத்தில் வந்தான்.

"டீச்சர், மாஸ்கோ ஆபீசுக்கு எங்களுக்கு ஒரு ஆள் வேணும். ரெண்டு வருஷம். வீடு, சம்பளம் எல்லாம் கம்பெனி பாத்துக்கும். நீங்க வர்றீங்களா?"

 ஹில்க்காவின் கையிலிருந்த காபிக் கூஜா கனத்தது. கரும்பு தின்னச் சொல்லிக் கூலியும் கொடுக்கிறேன் என்கிறார்கள்! சரி என்று சொல்ல வேண்டியதுதான். அவளே சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் வாயிலிருந்து வந்தது அம்மாவிடமிருந்தும் அம்மாவின் அம்மாவிடமிருந்தும் வந்தது.

"நானா? போப்பா. இந்த வயசுல நான் போய் என்னத்தக் கிழிக்கப் போறேன். நல்ல ஆளா யாரையாவது பாரு."

"சரி டீச்சர்" என்றான் அஸ்கோ. ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டான். எல்லாருக்கும் முன்னால், முதல் ஆளாக. பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று நகர்ந்துபோனான்.

அவள் கூஜாவோடு நின்றாள். திரும்பி வருவான் என்று நின்றாள். அவன் கோட்டை மாட்டும்போது வாசலுக்கே போய் நின்றாள். "அருமையான காபி டீச்சர், கோடைக்காலம் நல்லா இருக்கட்டும்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். தவுனோ காகித ஆலையில் முதுகு போய் முன்கூட்டியே ஓய்வு வாங்கியவன். படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான்.

"அப்ப போகலையா?" என்றான் நிமிராமலே.

"திரும்பக் கேப்பான்."

"கேக்கலேன்னா?"

"அதெப்படிக் கேக்காம இருப்பான்? நம்ம பக்கத்துப் பையன்தானே. ஒரு தடவை கேட்டுட்டு யாராவது விட்டுடுவாங்களா?"

தவுனோ தூரிகையை டப்பாவில் வைத்தான். "நானே உன்னை மூணு தடவை கேட்டேன். நடன மேடையில ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவை, உங்கப்பன் உருளைக்கிழங்கு வயல்ல ஒரு தடவை. நடுவுல ஒண்ணரை வருஷம். முதல் தடவையோட நான் விட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"உக்காந்து அழுதிருப்பேன்."

"போன் பண்ணு அவனுக்கு."

"என்னன்னு? இன்னொரு தடவை கேளுன்னா? எனக்கு மானம் இல்லையா?"

"எனக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கத் தெரியும். அதைச் சொல்லிட்டேன். நாளைக்கு என்னாலதான் போகலேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதே" என்று தவுனோ தூரிகையை மறுபடி எடுத்தான். முப்பது வருஷ வாழ்க்கையில் அவன் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று. போய்வா என்று அதைவிட வெளிப்படையாக அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவளுக்கும் அது புரிந்தது.

ஜூன் போயிற்று. நடுக்கோடைத் திருநாள் தீ ஏரிக்கரையில் எரிந்து அணைந்தது. விடுமுறைக்கு எல்லாரும் ஏரியோரக் கோடைக் குடிசைகளுக்குப் போனார்கள். ஹில்க்கா டவுனை விட்டு நகரவில்லை. குடிசையில் போன் கிடையாது. தோட்டத்தில் களை பிடுங்கும்போது ஜன்னல் திறந்தே இருக்கும். கடைக்குப் போனால் ஓட்டமாகத் திரும்புவாள். "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்க மாட்டாள், "வீட்டுல எல்லாம் அமைதியா இருந்ததா?" என்பாள். தவுனோ தலையசைப்பான். இரண்டு தடவை அஸ்கோவின் எண்ணைச் சுழற்றினாள். கடைசி எண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டாள். கேட்டால் ஆசைப்பட்டவள் ஆகிவிடுவாள். ஆசைப்படலாம், ஆசைப்படுவது தெரியக் கூடாது. கூண்டுக்குப் பூட்டே இல்லை, கதவைத் தள்ளினால் போதும் என்று அவளுக்குத் தெரியும். தள்ளுவதற்குக் கைதான் வரவில்லை. அந்தக் கையை நினைத்துத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கல்விக்கூடத்தில் போன் அடித்தது.

"டீச்சர், அஸ்கோ பேசறேன். மாஸ்கோ விஷயமா உங்களைப் பாக்கணும். வியாழக்கிழமை வரலாமா?"

"வாயேன்" என்றாள். குரலைத் தட்டையாக வைத்திருக்கப் பெரும்பாடாயிற்று. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து உரக்கச் சிரித்தாள். கேட்டுவிட்டான்! இரண்டரை மாதம் கழித்து என்றாலும் கேட்க வருகிறான்! இந்தத் தடவை இரண்டாவதுக்குக் காத்திருக்கப் போவதில்லை என்று கண்ணாடியைப் பார்த்துத் தனக்கே கட்டளை போட்டாள். புதன்கிழமை முடி சுருட்டிக்கொண்டாள். வியாழக்கிழமை விடியலில் எழுந்து ஏலக்காய் ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி எடுத்துப் போனாள்.

அஸ்கோ ஒரு ஃபைலோடு வந்தான். காபி ஊற்றினாள். அவன் ரொட்டியைப் பிட்டான், நன்றாக இருக்கிறது என்றான், ஃபைலைத் திறந்தான். உள்ளே ஓர் இளைஞனின் புகைப்படம் இருந்தது.

"யார்க்கோ தியாய்னென். இருபத்தேழு வயசு. அக்டோபர்ல மாஸ்கோ போறான். ரஷ்ய மொழி சுமார்தான். எட்டு வாரம் நீங்க தனியாப் பிடிச்சுத் தயார் பண்ணிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

ஹில்க்கா புகைப்படத்தைப் பார்த்தாள். நல்ல முகம். காது கொஞ்சம் வெளியே நீண்டிருந்தது.

"மே மாசம் என்னைக் கேட்டியே அஸ்கோ."

"ஆமா. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களே டீச்சர்."

"ஒரு தடவைதான் கேட்ட."

அஸ்கோ கோப்பைக்குள் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். திட்டம்போட்டுச் செய்யவில்லை, அவளுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அதுதான். நிமிஷம் ஒன்று போயிற்று. இரண்டு போயிற்று. வெளியே ஏரியில் ஒரு மரக்கட்டைத் தெப்பத்தை இழுவைப்படகு இழுத்துக்கொண்டு போனது.

"எங்க கம்பெனி டைரக்டருக்கு இளவட்டமா ஒரு ஆம்பளை வேணும்னு ஆசை. விருந்துல உக்காந்து குடிக்கணுமாம்" என்றான் அஸ்கோ.

அந்தக் கோடையில் மது ஒழிப்பு என்று மாஸ்கோவிலேயே விருந்து மேசையிலிருந்து புட்டிகளை அகற்றிக்கொண்டிருந்தார்கள் என்று ரேடியோ கேட்கிற எவருக்கும் தெரியும். ஹில்க்கா அதைச் சொல்லவில்லை. இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"உங்களைக் கேக்காம விட்டா நல்லா இருக்காதுன்னும் அவருக்குத் தோணிச்சு. கம்பெனியில பாதிப் பேர் உங்ககிட்டப் படிச்சவங்க. ஏன் டீச்சரைக் கேக்கலேன்னு கேப்பாங்க இல்லையா." அஸ்கோ நெற்றியைத் துடைத்தான். "நான்தான் சொன்னேன். ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறேன், வேண்டாம்பாங்கன்னு."

"ரெண்டாவது தடவை கேட்டிருந்தா?"

"சரின்னு சொல்லியிருப்பீங்க. தெரியும் டீச்சர். அதனாலதான் கேக்கல."

 அஸ்கோ பாவம், பொய் சொல்லத் தெரியாதவன். அமைதியில் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்கிற வியாதி பன்னிரண்டு வருஷத்தில் அவனுக்கும் முழுசாகப் போகவில்லை.

"நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க" என்றான், ஏதோ அதில் அவளுக்கும் பெருமை இருப்பது போல. "எதிராளியோட வழக்கம் அவனை எங்க நிறுத்தும்னு தெரிஞ்சுக்கோ, அங்கயே பேச்சை முடின்னு."

சொல்லிக்கொடுத்தாள்தான். பலகையில் எழுதி, அடிக்கோடிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, பாய்ந்த பிறகுதான் அது எவ்வளவு நன்றாக வளர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவன் என்னை விற்றிருக்கிறான், நான் சொல்லிக்கொடுத்த வித்தையை வைத்தே என்னை விற்றிருக்கிறான் என்று தெளிவாகத் தோன்றியது.

"அப்ப யார்க்கோவை அனுப்பிவைக்கட்டுமா?" என்றான் அஸ்கோ. கஷ்டமான பகுதி முடிந்துவிட்ட நிம்மதி அவன் முகத்தில் இருந்தது.

"மாட்டேன்" என்றாள் ஹில்க்கா.

அஸ்கோ சிரித்தான். "டீச்சர், உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரு இருந்தா எனக்கென்ன. என்னால முடியாது."

"ஹெல்சிங்கியில கேட்டோம். உங்க கால்தூசிக்குக்கூட ஆக மாட்டாங்க. நீங்க பண்ணினாத்தான் உண்டு."

"அஸ்கோ, நான் மாட்டேன்னு சொல்றேன். காதுல விழுதா? மாட்டேன்."

"அப்ப சரி" என்று எழுந்தான் அஸ்கோ. முகமெல்லாம் மலர்ச்சி. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். "ரொம்ப நன்றி டீச்சர். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுவான்."

அவள் ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகுதான் என்ன நடந்தது என்று உறைத்தது. மாடிப்படி வரைக்கும் ஓடினாள். "நிஜமாத்தான் சொல்றேன்! அனுப்பாதே!" என்று கத்தினாள். கீழே அஸ்கோ தொப்பியைத் தூக்கி ஆட்டினான், வழியனுப்ப வந்தவளுக்கு ஆட்டுவது போல.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக்கே போன் போட்டாள். இரண்டரை மாதமாகச் சுழற்ற முடியாத எண்ணை இப்போது கடகடவென்று சுழற்றினாள். கோபம் வந்தால் விரல் எவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது! எடுத்தது ஒரு காரியதரிசி, இனிமையான குரல்காரி.

"ஹில்க்கா வென்ஸ்கா பேசறேன். தியாய்னெனுக்குப் பயிற்சி குடுக்க முடியாதுன்னு ரெயோனென்கிட்டச் சொல்லிட்டேன். அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார். முடியாது."

"சொன்னார் மேடம். நீங்க மூணு தடவை வேண்டாம்னீங்களாம்." குரலில் சிரிப்பு ததும்பியது. "எங்க பெரியம்மாவும் அப்படித்தான், ஒரு கோப்பை காபிக்கு அரைமணி நேரம் கெஞ்ச வைப்பாங்க. எந்த ரூம்னு சொல்லுங்க, பையனுக்கு எழுதிக் குடுத்துடறேன்."

"நான் வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தம்."

"ஆகட்டும் மேடம், ஆகட்டும். ரெண்டாம் மாடிதானே?"

ஹில்க்கா போனை வைத்தாள். அவள் ஆசைப்பட்டபோது சொன்ன ஒரு வேண்டாமை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆசையே இல்லாமல் சொன்ன நாலைந்து வேண்டாமையும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சவுனா நீராவி அறையில் தவுனோவிடம் இதைச் சொன்னாள். அவன் அடுப்புக் கல்லில் ஒரு அகப்பை தண்ணீர் வீசினான். ஆவி அடங்கிய பிறகு, "திங்கட்கிழமை போகாமலே இரேன். அறை பூட்டியே கிடக்கட்டும்" என்றான்.

"அப்புறம் அந்தப் பையன் வாசல்ல நிப்பான். அவன் என்ன தப்புப் பண்ணான்?"

"அதுவும் சரிதான்" என்றான் தவுனோ. அவளுக்கு அவன் மேலும் கோபம் வந்தது. அவன் சொன்ன யோசனை நல்ல யோசனை. அதைச் செய்ய முடியாதபடி அவளைச் செய்துவைத்தது எது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் யார்க்கோ தியாய்னென் அறைக்கு வெளியே நின்றிருந்தான். புகைப்படத்தில் இருந்ததைவிடக் காது பெரிது. கையில் புது நோட்டு, ஒரு காபிப் பொட்டலம், தோட்டத்துப் பூக்கள் கொஞ்சம்.

"வெறுங்கையா வரக் கூடாதுன்னு மனைவி சொன்னா" என்றான். "அதிகமா எதிர்பார்க்காதீங்க, எங்க தோட்டத்துப் பூதான்."

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. மறுபடி சொன்னாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது தடவை சொன்ன பிறகு ஓரமாக உட்கார்ந்தான். இந்தப் பிள்ளையையா அந்தோனினா பாவ்லோவ்னாக்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு, கேட்கக் கூடாது என்று வார இறுதி முழுக்க வைத்திருந்த கேள்வி தானாக வந்தது.

"மாஸ்கோ போகணும்னு உங்களுக்கு ரொம்ப ஆசையா?"

யார்க்கோ நோட்டின் மூலையைத் தேய்த்தான். "உள்ளதைச் சொல்லட்டுமா டீச்சர்? ஆசையே இல்ல. மனைவி மாசமா இருக்கா. டிசம்பர்ல பிரசவம். டைரக்டர் கூப்பிட்டுக் கேட்டார். வேண்டாம்னேன். அடுத்த வாரம் கேட்டார். எனக்கு அவ்வளவு தகுதி இல்லை, வேற யாரையாவது பாருங்கன்னேன். நிஜமாத்தான் சொன்னேன். மூணாவது தடவை, கேக்கறதுக்கு வீட்டுக்கே வந்துட்டார். பூச்செண்டோட. அதுக்கு மேல வேண்டாம்னா என்ன மரியாதை? சரின்னுட்டேன்." நிறுத்தினான். "ராத்திரியெல்லாம் அவ அழறா."

ஹில்க்கா பூக்களை மேசையில் வைத்தாள். அந்த டைரக்டர் மூன்று தடவை கேட்டதை, மூன்றாவதுக்குப் பூச்செண்டோடு படியேறியதை நினைத்தாள். அதில் ஒரு தடவையை, ஒரே ஒரு தடவையை, எனக்குக் கொடுத்திருந்தால் என்ன? இரண்டு பேர் பிழைத்திருப்போமே!  வாழ்க்கையில் யாரிடமும், தவுனோவிடம்கூட, ஆசை என்ற சொல்லால் சொல்லாததை எதிரே இருந்த முன்பின் தெரியாத பையனிடம் சொன்னாள்.

"எனக்கு ஆசை இருந்தது. உங்க இடத்துக்குப் போகணும்னு. இப்பவும் இருக்கு. நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன்."

யார்க்கோ அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு" என்றான். "என்னைத் தேத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்றீங்க."

"இல்லப்பா. நிஜமா."

அவன் நன்றியோடு தலையை ஆட்டினான், மூக்கைத் துடைத்துக்கொண்டான், நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் தேதி போட்டான்.  ஹில்க்கா மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அந்தோனினாவின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவன் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.